துவக்கு அவருக்கு, திறப்பு உங்களுக்கு

மாயாண்டிக்குக் கோபம் வரும் என்பதை ஊரில் யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. மாரியில் மழை வரும் என்று யாராவது செய்தி சொல்வார்களா? ஒருமுறை, இந்தக் கிழமை மழை இல்லை என்று சொன்ன குற்றத்துக்காக வானொலிப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டார். அரை மணித்தியாலம் கழித்து அவரே கயிறு கட்டி இறங்கி, அதை எடுத்துவந்து வெயிலில் காயவைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி மழையைப் பற்றி மட்டுமல்ல, வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை, "உள்ள போ" என்று மரியாதை இல்லாமல் சொன்ன பஸ் நடத்துநரோடு சண்டை பிடித்து, பாதி வழியில் இறங்கி, ஐந்து மைல் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். நடத்துநருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

அவருடைய கோபத்துக்கு ஆயுள் அரை மணித்தியாலம்தான். அது போனதும் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெட்கம் வந்தால் யாரை ஏசினாரோ அவர் வீட்டுக்கு ஒரு வாழைக்குலையோ பூசணிக்காயோ போகும். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. சைக்கிளில் குலையோடு மாயாண்டியைக் கண்டால், "நேற்று யாருக்கு விழுந்தது?" என்றுதான் ஊர் கேட்கும். மற்றபடி தங்கமான மனிதர். செத்த வீடு, கலியாண வீடு எதுவானாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தலுக்குக் குழி தோண்டுவார்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு, ஒன்பது வயதில், தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். நெளுக்குளத்துக்கு அங்கால் காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் காணி. அதைத் தகப்பன் வெட்டித் திருத்தினார், மகன் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டார். வீட்டில் இன்னமும் மலைநாட்டுப் பேச்சு, வெளியே வன்னிப் பேச்சு. வேலிப் படலையைத் தாண்டும்போது நாக்கு தானாகவே மாறிவிடும். மனைவி பேச்சியம்மாவும் அப்படித்தான், மாயாண்டியின் தங்கை அமராவதியும் அப்படித்தான்.

கச்சான் விளைவது மண்ணுக்குக் கீழே. அது காட்டுப் பன்றிக்கும் தெரியும். மூன்று போகமாகப் பன்றிக்குத்தான் அவர் பயிர் செய்தார் என்று சொல்ல வேண்டும். தகரம் தட்டிப் பார்த்தார், பழைய சேலைகளை வேலியில் கட்டிப் பார்த்தார், வெடி கொளுத்திப் போட்டும் பார்த்தார். பன்றிகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் வந்தன. கடைசியில் பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு துவக்கு எடுப்பதென்று முடிவு செய்து விண்ணப்பம் போட்டார். கிராம விதானையாரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, மாவட்டக் கச்சேரிக் கடிதம் என்று பதினாலு மாதம் அலைந்து ஒருவாறு அனுமதி கிடைத்தது. அந்தப் பதினாலு மாதமும் அவர் எந்த அலுவலகத்திலும் கோபப்படாமல் இருந்தார். அதை ஒரு சாதனை என்றே சொல்லலாம். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது பேச்சியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மகள் ரஜிதா போனில் கொழும்புக் கம்பெனி ஒன்றின் பக்கத்தைத் திறந்து, ஒற்றைக் குழல் துவக்கு ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தாள். சட்டியும் செருப்பும் போல அது வீட்டு வாசலுக்கு வராது என்றும் சொன்னாள். உரிமம் உள்ள உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். அங்கே போய்ப் பத்திரங்களைக் காட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கடை வவுனியாவில், சந்தைக்குப் பின்தெருவில் இருந்தது. மருந்தடிக்கிற டாங்கி, மண்வெட்டி, முள்ளுக்கம்பி எல்லாம் முன்பக்கம். துவக்கும் தோட்டாவும் பின்பக்கம், இரும்புக் கதவுக்குள்.

கடைக்காரி பெயர் கமலாசனி. புருசன் நடராசா நடத்திய கடை. அவர் மாரடைப்பில் போன பிறகு, பொம்பிளை துவக்குக் கடை நடத்துவதா என்று கேட்ட எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவ.

துவக்கு வந்து சேர்ந்த அன்று அவவே அவருக்குப் போன் எடுத்தா. மாயாண்டி கச்சானுக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றார்.

"உங்கட பார்சல் வந்திட்டுது, மாயாண்டி. வாறதுக்கு முதல் சில விசயம் சொல்லோணும். கேக்கிறியளோ?"

"சொல்லுங்கோம்மா."

"காலமை வாங்கோ. வெறும் வயித்தோட வராதேங்கோ, குடிச்சிட்டும் வராதேங்கோ. கடைக்குள்ள நான் கையில தாற வரைக்கும் துவக்கைத் தொடக் கூடாது. தந்த பிறகும் குழல் நிலத்தைப் பாத்துத்தான் இருக்கோணும். கூட்டாளிமாரைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ, இது கலியாண வீடில்லை. போகேக்க பெரிய றோட்டாலதான் போகோணும். சாக்கால சுத்தி மறைச்சுக்கொண்டு வாய்க்கால் கரையாலயும் ஒழுங்கையாலயும் போறது எங்கட சனத்துக்குப் பழகின பழக்கம். அப்பிடிப் போனாத்தான் மறிப்பாங்கள். பெட்டியை சைக்கிள் கரியர்ல எல்லாரும் பாக்கக் கட்டி, கடிதத்தைச் சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு, நேரா வீட்டுக்குப் போகோணும். வழியில ஒருத்தருக்கும் திறந்து காட்டக் கூடாது."

"சரியம்மா."

"கடைசியா ஒண்டு. மனுசியைக் கூட்டிக்கொண்டு வரோணும். மனுசி இல்லாட்டித் தாய். தாயும் இல்லாட்டிச் சகோதரம். வீட்டுப் பொம்பிளை ஒராள் வந்து சம்மதம் சொல்லாட்டி நான் குடுக்க மாட்டன்."

மாயாண்டியின் கை மண்வெட்டியிலேயே நின்றுவிட்டது. "அது சட்டத்தில இருக்கோம்மா?"

"சட்டத்தில இல்லை. என்ர கடையில இருக்கு. பதினாலு நாளைக்கு வைச்சிருப்பன். அதுக்குள்ள வராட்டிக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிப் போடுவன்."

பேச்சியம்மா வரமாட்டா. அது மாயாண்டிக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பம் போட்ட அன்றே அவ ஒரே வசனத்தில் கதையை முடித்துவிட்டா: "துவக்கு உள்ள வந்தா நான் வெளிய." போரை நினைத்துப் பயப்படுகிறா என்றுதான் மாயாண்டி முதலில் எண்ணினார். அந்த நாளெல்லாம் போய்விட்டது, இது பன்றிக்கு என்று தன்மையாக எடுத்துச் சொன்னார். "துவக்குக்கு நான் ஏங்க பயப்படுறேன்? நாம பார்க்காத துவக்கா? எனக்குப் பயம் ஒங்களுக்குத்தான்" என்றா பேச்சியம்மா. அன்றைக்கும் ஒரு அரை மணித்தியாலம் வந்தது. ஒரு தண்ணீர்ச் செம்பு நெளிந்தது.

மூன்று நாள் யோசித்தார். மனைவி இல்லை என்று சொல்லிவிட்டுத் தங்கையைக் கூட்டிப் போகலாம். ஆனால் உயிரோடு, கல்லுக் குண்டாக இருக்கிற மனைவியை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அபசகுனம் அல்லவா? அதற்கு அஞ்சி, அவர் அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தார். தங்கையையே மனைவி என்று கூட்டிப் போவதென்று முடிவெடுத்தார். அமராவதிக்கு வவுனியா போய்வரும் பயணமென்றால் எதற்கும் சம்மதம். "வாயத் தொறக்காம நின்னா போதும்" என்று படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டிப் போனார்.

கடையில் கமலாசனி பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தா, அடையாள அட்டையைப் பார்த்தா, பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அமராவதியைப் பார்த்தா. சுவரோரம் கிடந்த பிரம்புக் கதிரையைக் காட்டி, "இருங்கோம்மா. எத்தினை பிள்ளையள் உங்களுக்கு?" என்று கேட்டா.

"மூணு" என்றாள் அமராவதி. அது உண்மைதான். மாயாண்டிக்குத்தான் ஒன்று.

"இவர் ஒண்டெண்டு எழுதியிருக்கிறார்."

அமராவதி திகைத்துப்போய்த் திரும்பினாள். "சொல்லுங்கண்ணே, மிச்சம் ரெண்டையும் ஏன் எழுதல்ல?"

கடையில் மண்வெட்டிக்குப் பிடி பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் பிடியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தார். மாயாண்டிக்கு முகம் செத்துப்போனது. இனி ஏச்சு விழும், பொலிசுக்குச் சொல்லுவா, அனுமதியும் போகும், பதினாலு மாதமும் போகும் என்று நின்றார். கமலாசனி ஏசவில்லை. இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வரவழைத்தா. குடித்து முடியும் வரை அடுத்த போகத்து விதைக் கச்சானைப் பற்றிப் பேசினா. பத்திரங்களை அடுக்கித் திரும்பக் கொடுக்கும்போதுதான் விசயத்துக்கு வந்தா.

"மாயாண்டி, மனுசி வரமாட்டன் எண்டு சொன்னவவோ?"

"ஓமம்மா."

"அப்ப அவவைத்தான் நான் கட்டாயம் பாக்கோணும். இன்னும் பத்து நாள் கிடக்கு."

அமராவதியின் வாய் அன்று பின்னேரம் வரைகூடத் தாங்கவில்லை. அண்ணியின் குசினிக்குள் போய், சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாயாண்டி வெளியே மாட்டுக்கொட்டிலில் ஒளிந்து நின்றார். சட்டி பறக்கும் என்று பார்த்தார். உள்ளே இரண்டு பொம்பிளைகளும் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு பேச்சியம்மாவின் குரல்: "எங்கிட்டக் கேக்கணும்னு சொன்னாங்களா? என்னையா?"

அடுத்த நாள் காலையில் பேச்சியம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றா. "வாங்க போவோம். துவக்குக்கு இல்ல. அந்த அம்மாவப் பார்க்கணும்."

கமலாசனி இந்த முறை பத்திரங்களைக் கையால் தொடவில்லை. பேச்சியம்மாவைப் பிரம்புக் கதிரையில் இருத்திவிட்டு, "மாயாண்டி, அந்தப் பக்கம் புது டாங்கி வந்திருக்கு, போய்ப் பாருங்கோ" என்றா. மாயாண்டி போனார். இடையில் இருந்தது பலகைத் தட்டிதான். டாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து நின்று, காதை இந்தப் பக்கம் வைத்தார்.

"சொல்லுங்கோம்மா. இது வீட்டுக்கு வாறது உங்களுக்கு விருப்பமோ?"

பேச்சியம்மா வன்னிப் பேச்சில் தொடங்கி, பாதியிலேயே வீட்டுப் பேச்சுக்கு வந்துவிட்டா.

"அவர் நல்ல மனுசனம்மா. குடிக்கிறதில்ல. என்னையக் கை நீட்டி அடிச்சதும் இல்ல. கோவம் வந்தா மட்டும் கையில என்னா இருக்குன்னு அவருக்குத் தெரியாது. செம்பு இருந்தா செம்பு பறக்கும், ரேடியோ இருந்தா ரேடியோ. இத்தன வருசமா நான் ஒரு வேல செய்றேன், அது அவருக்கே தெரியாது. அவர் மொகத்தப் பார்ப்பேன். செவக்குதுன்னா கிட்ட இருக்கிற கத்தி, மண்வெட்டி, கோடாரி எல்லாத்தையும் எடுத்துத் தள்ளி வச்சிருவேன். துவக்க நான் எங்கம்மா தள்ளி வைக்கிறது?"

மாயாண்டி டாங்கிக்குள் பார்த்தபடியே நின்றார். முப்பத்திரண்டு வருடக் கலியாணம். கோடாரி எப்போதும் கொட்டிலுக்குப் பின்னால் கிடப்பது ஏன் என்று, தேடும்போதெல்லாம் ஏசியிருக்கிறார். அந்த ஏச்சுக்கு நடுவில்தான் அவ அதைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறா.

கமலாசனியின் குரல் இறங்கியது. "என்ர அவர் இருந்த காலத்தில ஒராள் துவக்கு எடுத்தவர். எல்லாக் கடிதமும் சரி. நான்தான் பற்றுச்சீட்டு எழுதினனான். மனுசி வாசல்ல சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. உள்ள வாங்கோ எண்டு ஒரு சொல்லு நான் சொல்லேல்லை. பிறகு ஒரு கலியாண வீட்டில அந்தாள் குடிச்சுப்போட்டு, துவக்கைக் காட்டப்போறன் எண்டு எடுத்து, வெடிச்சு, செத்தது மனுசியின்ர தம்பி. அந்தாளைப் பொலிஸ் பிடிச்சு மறியலில போட்டுது. சைக்கிள் பிடிச்சு நிண்ட அந்தப் பிள்ளை ஒரு நாள் இஞ்ச வந்து படியில இருந்தது. ஏசேல்லை. 'என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா வேண்டாமெண்டு சொல்லியிருப்பன் அக்கா' எண்டு மட்டும் சொன்னது. கடை என்ர கைக்கு வந்த நாள் முதலா நான் கேக்காமக் குடுக்கிறதில்லை. நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம். பிழை என்னில எண்டு நான் அவருக்குச் சொல்லுவன். கம்பெனிக்காரன் மறுத்திட்டான் எண்டு சொல்லுறன்."

பேச்சியம்மா கனநேரம் யோசித்தா. மூன்று போகம் பன்றி தின்ற கணக்கும் அவவுக்குத் தெரியும்தானே.

"பன்னிக்கு என்னாம்மா செய்றது?" என்றா கடைசியில்.

"அதுக்கு ஒரு வழி கிடக்கு" என்றா கமலாசனி.

அந்த வழி ஒரு இரும்புப் பெட்டி. சுவரில் அடித்து இறுக்குகிற மாதிரி நீளமானது, தடித்த பூட்டு, அதற்கு இரண்டு திறப்பு. கமலாசனி மாயாண்டியைக் கூப்பிட்டு, துவக்கைத் திறந்து, குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று காட்டி, குழல் நிலத்தைப் பார்க்க அவர் கையில் கொடுத்தா. பெட்டித் திறப்பு இரண்டையும் பேச்சியம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டா.

"துவக்கு அவருக்கு, திறப்பு உங்களுக்கு. இருட்டுப்படக் காவலுக்குப் போகேக்க முகத்தைப் பாத்துக் குடுங்கோ. விடியத் திரும்ப வாங்குங்கோ. முகம் சரியில்லை எண்டா, துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மாயாண்டிக்கு அது பெரிய அவமானம். தன் பெயரில் அனுமதி, தன் கையில் துவக்கு, திறப்பு மனைவியின் முந்தானை முடிச்சில்! துவக்கோடு அந்த இரும்புப் பெட்டியை எல்லோரும் பார்க்கக் கரியரில் கட்டிக்கொண்டு, பெரிய றோட்டால், ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிள் மிதித்தார். பேச்சியம்மா பஸ்ஸில் முன்னால் போய், வாசலில் காத்து நின்றா. ஆனாலும் அவர் கோபப்படவில்லை. தட்டிக்குப் பின்னால் கேட்டது இன்னும் காதில் கிடந்தது.

அந்தப் போகம் பன்றிகள் திருந்தின. மூன்று தரம்தான் சுட்டார். ஒன்று மரத்தில் பட்டது, இரண்டு வானத்தில் பட்டது. சத்தத்துக்கே அவை அடுத்த காட்டுக்குப் போய்விட்டன. கச்சான் பிடுங்க ஒரு கிழமைதான் இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அவர் திறப்புக் கேட்பார், பேச்சியம்மா முகத்தை ஏறிட்டுப் பார்த்து, முடிச்சை அவிழ்ப்பா. அமராவதி வந்திருந்தால், "அண்ணி, நல்லாப் பார்த்துக் குடுங்க, சந்திரகிரகணம் மாதிரி இருக்கு" என்பாள்.

அடுத்த காணி பொன்னையாவுடையது. யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து குடியேறிய குடும்பம். எட்டு மாடு வளர்க்கிறார். வேலி சம்பந்தமாக மாயாண்டிக்கும் அவருக்கும் பத்து வருடக் கதை உண்டு. எல்லைப் பூவரசு யாருடையது என்பது இன்னமும் தீரவில்லை. அன்று நடுப்பகலில் மாயாண்டி வாய்க்காலில் குளித்துவிட்டுக் காணிக்கு வந்தபோது, பொன்னையாவின் படலை ஆவென்று திறந்து கிடந்தது. எட்டு மாடும் இவருடைய கச்சானுக்குள். பன்றி தொடாத கச்சானை மாடு மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறான் என்று மாயாண்டிக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு ஒன்றும் தோன்றவில்லை.

மாடுகளைக்கூட விரட்டாமல் வீட்டுக்கு ஓடினார். பெட்டியைப் பிடித்து இழுத்தார்.

"திறப்பத் தா!"

பேச்சியம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. முகத்தைப் பார்த்தா. சுளகைக் கீழே வைத்தா. ஒன்றும் பேசாமல் எழுந்து, ஓடாமல், முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தபடி படலையைத் தாண்டி றோட்டுக்கு நடந்தா. வவுனியா பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறிவிட்டா.

மாயாண்டி கத்தினார். பெட்டியைக் கையால் அடித்தார், கோடாரியைத் தேடினார். கோடாரி வைத்த இடத்தில் இல்லை. கொட்டிலுக்குப் பின்னால் பார்க்க அந்தக் கோபத்தில் தோன்றவில்லை. பெட்டியைக் காலால் உதைத்தார். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருவிரல் நகம் பிய்ந்து இரத்தம் கொட்டியது. நொண்டி நொண்டி வந்து குந்தினார். எழுந்து போய் இன்னொரு உதை விட்டார். அது இன்னும் நொந்தது. நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

அப்போதுதான் பொன்னையா நேராக வாசலுக்கு வந்தார். கையில் மாட்டுக் கயிறு, சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"தம்பி, என்னை ஏசு, அடி, என்ன வேணுமெண்டாலும் செய். விடியக்காலமை மனுசி மயங்கி விழுந்திட்டா. ஓட்டோவில ஏத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினனான். படலை கட்டினனோ இல்லையோ எண்டே தெரியேல்லை. இப்பதான் வாறன். உன்ர கச்சான்…" என்றவர், இரத்தத்தைக் கண்டுவிட்டார். "ஐயோ, என்ன இது?"

மாயாண்டி, பொன்னையா நின்ற இடத்தைப் பார்த்தார். வாசல் நிலைக்கு நேரே, பெட்டியிலிருந்து பத்து அடி. பெட்டி திறந்திருந்தால் இந்த ஆள் இப்போது அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டார். இல்லை, அந்த இடத்தில்தான் கிடந்திருப்பார். மாயாண்டிக்கு உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியது. வலியில் நடுங்குகிறார் என்று நினைத்து, பொன்னையா தோளில் கிடந்த துவாயைக் கிழித்து விரலைக் கட்டினார். "பொறு, பொறு" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு கட்டினார். மாயாண்டி அழுதுவிட்டார். "மனுசிக்கு இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

"சீனி குறைஞ்சு போச்சாம். நாளைக்கு விடுவினம்."

பேச்சியம்மா ஆறு மணிப் பஸ்ஸில் வந்து இறங்கினா. மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் கட்டிக் கிடந்தன. மாயாண்டி கட்டுப்போட்ட காலோடு குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டு அதிகம், பொன்னையா வீட்டுக்கு.

"எங்க போன?"

"அந்த அம்மா கடையில ஒக்காந்திருந்தேன். ஒண்ணுமே கேக்கல்ல. அந்தக் கதிரையப் போட்டுத் தந்தாங்க. ரெண்டு தரம் தேத்தண்ணி தந்தாங்க. பஸ் ஏறும்போது மட்டும், 'திறப்பு இருக்கோ' ன்னு கேட்டாங்க."

மாயாண்டி தலை குனிந்துகொண்டார். "நீ போனது நல்லதாப் போச்சு" என்றார். கலியாணமான முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தரம். பேச்சியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டா.

மாடு மிதித்தது போக மிச்சம் நல்ல விளைச்சல். பிடுங்கிக் காயவைத்து முடிந்ததும் மாயாண்டி திறமான கச்சானாகப் பொறுக்கி ஒரு சாக்கு நிரப்பினார். பேச்சியம்மாவைக் கூப்பிட்டார். பிறகு வேலியடிக்குப் போய்ப் பொன்னையாவையும் கூப்பிட்டார்.

"நான் என்னத்துக்கு?"

"சாக்குப் பாரம் அண்ணை. ஒரு கை பிடியுங்கோ."

கடை வாசலில் இரண்டு பேரும் சாக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். கமலாசனி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தா. "என்ன மாயாண்டி இது? துவக்குக்கு ஏதும் பிழையோ?"

"இல்லையம்மா. உங்களுக்குத்தான்." வாழைக்குலையோடு எத்தனையோ வாசல்களில் நின்ற மனிதர். அங்கெல்லாம் குலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறார். இன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. வழி முழுக்க யோசித்துவைத்த வசனம் துண்டு துண்டாகத்தான் வந்தது. "அண்டைக்கு… மனுசியைக் கூட்டிக்கொண்டு வா எண்டு நீங்கள் பிடிவாதமா நிண்டதுக்கு. உங்களுக்குப் பெரிய புண்ணியமம்மா. சாகும் மட்டும் மறக்க மாட்டன்."

கமலாசனி பேச்சியம்மாவைப் பார்த்தா. முந்தானை முடிச்சு இருந்த இடத்தில் இருந்தது. பிறகு சாக்கின் மறுபக்கத்தில் நின்று மூச்சு வாங்குகிற கிழவரைப் பார்த்தா.

"இவர் ஆர்?"

"பக்கத்துக் காணி, பொன்னையா அண்ணை. உங்களுக்குக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

கமலாசனி உள்ளே போய், அந்தப் பிரம்புக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுவந்து நடுவில் போட்டா. வீட்டுப் பொம்பிளைகள் தவிர வேறொருவரும் அதில் இருந்ததை மாயாண்டி கண்டதில்லை.

"இருங்கோ அண்ணை" என்றா.

"எனக்கேன் தங்கச்சி இவ்வளவு மரியாதை? நான் சும்மா சாக்குப் பிடிக்க வந்தவன்" என்றார் பொன்னையா. ஆனாலும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். தேத்தண்ணியும் ஒரு தட்டு விசுக்கோத்தும் வந்தன. சீனி போதாது என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி வாங்கிப் போட்டுக்கொண்டார், எல்லைப் பூவரசு தன்னுடையதுதான் என்று கடைக்காரிக்கு விளக்கினார், விசுக்கோத்தை ஒவ்வொன்றாகத் தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். மற்ற மூன்று பேரும் நின்றபடியே, அவர் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.